சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் எதைச் சரிசெய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இது: சுங்கை சிப்புட்டில் உங்கள் போட்டோஸ்டாட் கடையில் விண்டோஸ் 7 போட்ட பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாகக் குரோமில் சில அகப்பக்கங்களைத் திறந்தால் சிவப்பு முக்கோணத்தோடு ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்று வருகிறது, சில பக்கங்கள் ஒன்றும் சொல்லாமல் திறக்கின்றன. நேற்றுத் திறக்காதது இன்று திறக்கிறது. அதே பக்கம் கைப்பேசி டேட்டாவில் சிக்கலில்லாமல் வருகிறது. இடி மின்னலுக்காக இரவில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போகிறீர்கள். தோட்டத்திலிருந்து வரும் பெரியவர்களுக்குச் சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு, வருமான வரி எல்லாம் அந்தக் கணினியில்தான் பார்த்துக் கொடுக்கிறீர்கள். ‘அட்வான்ஸ்ட்’ அழுத்தி உள்ளே போய்விடலாம் என்கிறார் ஒருவர், ஆன்டிவைரஸை எடுத்துவிடச் சொல்கிறார் இன்னொருவர். கோயில் அகப்பக்கத்தில் மட்டும் இதே எச்சரிக்கை எல்லார் போனிலும் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எச்சரிக்கையை எப்படி நீக்குவது என்று கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அடுத்தவருடைய கடவுச்சொல்லை இந்த நிலையில் அந்தக் கணினியில் தட்டலாமா? தட்டக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் சொந்தக் கணக்கு என்றால் அது உங்கள் பாடு; அறுபது வயதுக்காரர் தன் சேமநிதிக் கணக்கை உங்களை நம்பித் திறக்கும்போது எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் உரிமை நம்மிடம் இல்லை. காரணம் தெரிந்து சரிசெய்யும்வரை அந்த வேலைகளைக் கைப்பேசி டேட்டாவில், முடிந்தால் அவரவர் போனிலேயே செய்து கொடுங்கள்.

இந்த எச்சரிக்கை எதைச் சரிபார்க்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் அந்த சர்வர் முதலில் தன் சான்றிதழை நீட்டும். அதில் பெயர் இருக்கும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும், யார் கொடுத்தது என்று கையொப்பம் இருக்கும். நகல் பத்திரத்தில் அதிகாரி முத்திரை குத்தி உறுதிப்படுத்துவதைத் தினமும் பார்ப்பவர் நீங்கள், அதுபோலத்தான். அகப்பக்கத்தின் சான்றிதழை ஓர் இடைச் சான்றிதழ் உறுதி செய்யும், அதை மூலச் சான்றிதழ் உறுதி செய்யும். எந்த மூலத்தை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் கணினியிலோ உலாவியிலோ முன்கூட்டியே இருக்கும். பெயர், தேதி, கையொப்பம் இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் உலாவி வாசலிலேயே நிறுத்திவிடும். எது பொருந்தவில்லை என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. சிறிய சாம்பல் எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை வரும்போது எதையும் அழுத்தாமல், எச்சரிக்கைக்குக் கீழே ‘நெட் எர்ர் செர்ட்’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதன் கடைசிச் சொற்கள் ‘டேட் இன்வேலிட்’ என்றால் தேதி. ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்றால் கொடுத்தவரை நம்ப முடியவில்லை. ‘காமன் நேம் இன்வேலிட்’ என்றால் பெயர் பொருந்தவில்லை. இப்போது அந்த வரியின் மேலேயே ஒரு தரம் கிளிக் செய்யுங்கள். பலருக்கு இது தெரியாது: கீழே ‘சப்ஜெக்ட்’, ‘இஷ்யூவர்’, ‘எக்ஸ்பயர்ஸ் ஆன்’, ‘கரண்ட் டேட்’ என்று நான்கு வரிகளும் அதற்கடியில் புரியாத நீண்ட எழுத்துக் குவியலும் விரியும். குவியலை விட்டுவிடுங்கள். முதல் நான்கு வரிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சப்ஜெக்ட் என்பது யாருக்குக் கொடுத்த சான்றிதழ், இஷ்யூவர் என்பது யார் கொடுத்தது, கரண்ட் டேட் என்பது உங்கள் கணினி இன்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் தேதி. இனி நான் சொல்வதெல்லாம் இந்த நான்கு வரிகளை வைத்துத்தான்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கடிகாரம். ‘கடிகாரம் தப்பு என்றால் எல்லாப் பக்கமும் அல்லவா நிற்க வேண்டும்’ என்று கேட்பீர்கள். தேதி 2009க்குப் போயிருந்தால் அப்படித்தான், கூகுள்கூடத் திறக்காது. ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் மட்டும் பின்தங்கியிருந்தால் கதை வேறு. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் சான்றிதழைப் புதுப்பித்த பக்கங்கள் மட்டும் நிற்கும், ஏனென்றால் உங்கள் கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பழைய சான்றிதழோடு ஓடுபவை வழக்கம்போலத் திறக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற, இலவசமாகச் சான்றிதழ் தரும் நிறுவனத்தின் வழக்கமான சான்றிதழ் 90 நாள் செல்லும், பெரும்பாலோர் 60 நாளில் புதுப்பித்துவிடுவார்கள். கடிகாரம் 12 நாள் பின்தங்கினால் அப்படிப்பட்ட பக்கங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று எந்த நேரமும் நிற்கும். நாள் நகர நகர நின்றது திறக்கும், திறந்தது நிற்கும். நீங்கள் சொல்லும் ‘நேற்று இல்லை, இன்று இருக்கிறது’ இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

இரவில் பிளக்கைக் கழற்றுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி. பிளக் மாட்டியிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், அந்தப் பேட்டரிக்கு வேலை அதிகமில்லை. கழற்றிவிட்டால் முழுப் பொறுப்பும் அதனுடையது. சில ஆண்டுகள் ஓடிக் களைத்த பேட்டரி முதலில் மொத்தமாகச் சாவதில்லை. இரவில் கடிகாரம் நின்று, காலையில் பிளக் மாட்டியதும் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். இரவுக்கு 10 மணி நேரம் என்று வைத்தால் 30 இரவில் 300 மணி நேரம், அதாவது பன்னிரண்டரை நாள். மணியைப் பார்த்துக் கையால் திருத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் தேதியைக் கவனிக்காமல் விடுவது கடைகளில் சாதாரணமாக நடப்பது. பேட்டரி முழுதாகச் செத்த பிறகுதான் ‘சிமாஸ் செக்சம்’ என்ற செய்தியும் எஃப்1 அழுத்தச் சொல்வதும் வரும்.

இணையம் இருக்கும்போது விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். திருத்தும், ஆனால் விண்டோஸ் 7 இயல்பாக வாரம் ஒரு முறைதான் கேட்கும். அதோடு, வீட்டு, கடைக் கணினிகளில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் ஏற்க மறுத்துவிடும். உங்கள் கணக்கில் இரண்டே இரவில் அந்த எல்லை தாண்டிவிடுகிறது. அதனால் செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் கையால் ஆண்டு, மாதம், நாள், மணி நான்கையும் சரியாகப் போடுங்கள். அடுத்து நேர மண்டலத்தில் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ என்று யுடிசி கூட்டல் 8 மணி இருக்கிறதா பாருங்கள். அது அமெரிக்க மண்டலமாக இருந்து, மணியை மட்டும் நம் நேரத்துக்கு யாராவது திருத்தி வைத்திருந்தால் முகப்பில் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே 15, 16 மணி நேரம் தப்பாக இருக்கும். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் ‘இன்டர்நெட் டைம்’ பகுதிக்குப் போய் ‘அப்டேட் நவ்’ அழுத்த வேண்டும். முதலிலேயே அதை அழுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். குரோமை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். பக்கங்கள் திறந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது; ஆனால் பேட்டரியை மாற்றாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி வரும்.

பேட்டரி மாற்றுவது பத்து நிமிட வேலை, ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பேட்டரியை எடுத்தால் பயாஸ் (விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் ஆலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். அதில் ஹார்ட்டிஸ்க் ‘சாட்டா மோட்’ என்ற ஒன்று உண்டு: ஐடிஇ அல்லது ஏஎச்சிஐ. விண்டோஸ் 7 போட்டபோது எது இருந்ததோ அதுவே இருக்க வேண்டும், மாறிவிட்டால் கணினி நீலத் திரையில் நின்றுவிடும், பேட்டரி மாற்றியதால் கணினி கெட்டது என்று பயந்துபோவீர்கள். எனவே கணினியைத் தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி உள்ளே போய், அந்த வரியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் சிறு கிளிப்பைத் தள்ளினால் பழையது மேலே எழும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். மீண்டும் பயாஸுக்குள் போய்த் தேதியையும் அந்த ஒரு வரியையும் திருத்தி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். பழைய பேட்டரியை மல்ட்டிமீட்டரில் பார்த்தால், புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7க்குக் கீழே வந்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. இடி இடிக்கும் ஊரில் பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை விட வேண்டாம். அது நல்ல பழக்கம். ரவுட்டருக்கு வரும் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

கடிகாரம்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கணினியைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது சரியில்லை. ‘கரண்ட் டேட்’ வரியில் இன்றைய தேதி சரியாக இருந்து, குறியீடு ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்றால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது ‘இஷ்யூவர்’ வரியைப் பாருங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அது எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைத் தானே பிரித்துப் பார்த்துவிட்டு, தன் சான்றிதழை ஒட்டி உங்களுக்குத் தருகிறது என்று அர்த்தம். பல ஆன்டிவைரஸ்களில் இந்த வசதி உண்டு. காலாவதியான உரிமத்தோடு அரைகுறையாகக் கிடக்கும்போதுதான் பெரும்பாலும் சிக்கல். ஆன்டிவைரஸை எடுத்துவிடச் சொன்னவர் இதை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். முழுதாக எடுக்க வேண்டியதில்லை. அதன் அமைப்பில் ‘எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்’ என்பதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். உரிமம் முடிந்து புதுப்பிக்கப் போவதில்லை என்றால், அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் முழுதாக எடுத்துவிட்டு இலவசமான வேறொன்றைப் போடுங்கள்.

இஷ்யூவர் வரியில் ஆன்டிவைரஸும் இல்லாமல், கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர், அதுவும் வங்கிக்கும் சேமநிதிக்கும் கூகுளுக்கும் ஒரே பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நடுவில் எதுவோ உட்கார்ந்திருக்கிறது. அது அலுவலக வடிகட்டியாக இருக்கலாம், பாட்டு, படம் இறக்கும்போது கூடவே வந்த விளம்பர மென்பொருளாகவும் இருக்கலாம். 2015இல் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே போடப்பட்டு வந்தது தெரியவந்தது. அது எல்லா இயந்திரத்திலும் ஒரே மூலச் சான்றிதழையும் ஒரே ரகசியச் சாவியையும் வைத்திருந்தது. அந்தச் சாவி கிடைத்த எவரும் வங்கிப் பக்கம் போல நடிக்க முடியும், உலாவி எச்சரிக்கக்கூடச் செய்யாது. பழைய கணினி வாங்கிக் கடை நடத்துபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: யாரோ பயன்படுத்திய கணினியை விண்டோஸைப் புதிதாகப் போடாமல் அடுத்தவர் பண வேலைக்கு வைக்காதீர்கள். ‘செர்ட்எம்ஜிஆர்’ என்ற கருவியில் மூலச் சான்றிதழ்ப் பட்டியலைப் பார்க்கலாம், ஆனால் அடையாளம் தெரியாததையெல்லாம் அழிக்கத் தொடங்கினால் நல்லதும் போய்விடும்.

மூன்றாவது வகை, பெயர் பொருந்தாதது. இதில் அடிக்கடி நடப்பது சாப்பாட்டுக்கடை, கிளினிக் வைஃபை. உள்நுழைவுப் பக்கத்தில் பெயர் கொடுக்கும்வரை அந்த வைஃபை எல்லாப் போக்குவரத்தையும் தன் பக்கம் திருப்பும், அதனால் நீங்கள் கேட்ட பெயரும் வந்த சான்றிதழின் பெயரும் மாறுபடும். எச்டிடிபிஎஸ் இல்லாத ஒரு முகவரியை, உதாரணத்துக்கு நெவர்எஸ்எஸ்எல் டாட் காம், திறந்தால் உள்நுழைவுப் பக்கம் எட்டிப்பார்க்கும். இரண்டாவது, மலேசியாவில் ஆணைப்படி தடுக்கப்படும் அகப்பக்கங்கள் பலவற்றை இணைய நிறுவனங்கள் டிஎன்எஸ் (பெயரை சர்வரின் எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு) வழியாகத் தடைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகின்றன. அப்போதும் இதே குறியீடு வரக்கூடும். மூன்றாவதுதான் ஆபத்து: ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை யாரோ மாற்றி, வங்கிப் பெயரைத் தங்கள் சர்வருக்குத் திருப்பியிருப்பது. வங்கி, சேமநிதி, வரி என்று அரசாங்க, பணப் பக்கங்களில் மட்டும் பெயர் பொருந்தாமல் வந்தால் அதையே முதலில் சந்தேகப்படுங்கள். ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் முகவரியில் உள்ளே போய் டிஎன்எஸ் வரியைப் பாருங்கள். நீங்கள் போடாத எண் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, ரீசெட் துளையில் ஊசியைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரீசெட் செய்தால் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறுபடி தேவைப்படும், அது கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

உங்கள் கணினியா, ரவுட்டரா என்று பிரிக்க ஒரு சுலப வழி. கைப்பேசியை ஹாட்ஸ்பாட் ஆக்கி, யுஎஸ்பி கம்பியில் அந்தக் கணினிக்கு இணையம் கொடுத்து அதே பக்கத்தைத் திறங்கள். எச்சரிக்கை தொடர்ந்தால் சிக்கல் கணினியில். போய்விட்டால் ரவுட்டரில் அல்லது அந்த இணைய இணைப்பில். நீங்கள் டேட்டாவில் திறந்து பார்த்தது நல்ல சோதனைதான், ஆனால் கருவியும் பாதையும் இரண்டுமே மாறியதால் எது காரணம் என்று அது காட்டவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கேஷை அழிப்பது, குக்கியை அழிப்பது, ‘கிளியர் எஸ்எஸ்எல் ஸ்டேட்’ அழுத்துவது என்று ஆலோசனை நிறைய வரும். கெடுதல் இல்லை, ஆனால் தேதியோ மூலச் சான்றிதழோ இதனால் மாறாது, நேரம்தான் போகும். கெடுதல் உள்ள ஆலோசனை இரண்டு. எச்சரிக்கைப் பக்கத்தில் ஒரு ரகசியச் சொல்லைத் தட்டினால் திறக்கும் என்பது ஒன்று. குரோம் ஐகானின் பண்புகளில் ‘இக்னோர் சர்ட்டிஃபிகேட் எரர்ஸ்’ என்ற கட்டளையைச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவது மிகப் பொல்லாதது, ஏனென்றால் அதன்பின் எந்தச் சான்றிதழ் எச்சரிக்கையும் என்றைக்கும் வராது. உங்கள் கணினியை முன்பு பழுது பார்த்தவர் யாராவது இதைச் செய்து வைத்திருக்கிறாரா என்று அந்த ஐகானை வலது கிளிக் செய்து ‘டார்கெட்’ வரியின் கடைசியைப் பாருங்கள். குரோம் டாட் இஎக்ஸ்இ என்பதற்குப் பின்னால் நீளமாக ஏதேனும் ஒட்டியிருந்தால் அழித்துவிடுங்கள்.

‘அட்வான்ஸ்ட்’ அழுத்தினாலும் சில பக்கங்களில் உள்ளே போகும் இணைப்பே வராது. அது கோளாறு இல்லை. எச்எஸ்டிஎஸ் என்ற அறிவிப்பின் மூலம் அந்தப் பக்கமே ‘என் சான்றிதழில் சிக்கல் என்றால் யாரையும் உள்ளே விடாதே’ என்று உலாவியிடம் சொல்லி வைத்திருக்கிறது. தாண்டிப் போவது நியாயமான இடமும் ஒன்று உண்டு: உங்கள் சொந்த ரவுட்டர், பிரின்டர் இவற்றின் நிர்வாகப் பக்கம். 192.168 என்று தொடங்கும் முகவரிக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனம் எதுவும் சான்றிதழ் தராது, கருவி தனக்குத்தானே கையெழுத்திட்டுக்கொள்ளும். உங்கள் கம்பியில், உங்கள் கருவிக்கு, எதிரிலேயே உட்கார்ந்து போகும்போது அது சரி. அதைத் தவிர வேறெங்கும் வேண்டாம்.

விண்டோஸ் 7 பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 14இல் அதற்கான ஆதரவு நின்றது. அதில் ஓடும் கடைசிக் குரோம் 109, அது 2023 ஜனவரியில் வந்தது. புதிய மூலச் சான்றிதழ்கள் வர வர, பழைய பட்டியலோடு உறைந்துபோன உலாவி அவற்றை நம்பாமல் ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ காட்டும் பக்கங்கள் கூடிக்கொண்டுதான் போகும். இடைக்கால வழி ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 இஎஸ்ஆர். அது தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே கொண்டுவருவதால் குரோமில் நிற்கும் பக்கம் அதில் திறந்தால், சிக்கல் பட்டியலில் என்று தெரிந்துவிடும். ஆனால் எச்சரிக்கை வராமல் போவதும் கணினி பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. மற்றவர்களின் பணக் கணக்கைத் திறக்க அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். நகல் எடுக்கவும் கடிதம் தட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். புதியது வாங்க வசதி இல்லை என்றால் லினக்ஸ் மின்ட் இலவசம், 4 ஜிபி நினைவகம் இருந்தால் ஓடும். உங்கள் பிரின்டர் அதில் வேலை செய்கிறதா என்று யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள்.

பெரியவர்கள் கையில் இருக்கும் பழைய கைப்பேசிகளிலும் இதேதான். ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தியவை லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழை அறியாதவை. அவற்றுக்காக வைத்திருந்த மாற்றுப் பாதையும் 2024 செப்டம்பர் 30இல் முடிந்துவிட்டது. பிள்ளைகள் பழசைக் கழித்து அப்பாவிடம் கொடுத்த போனில் பாதிப் பக்கம் திறக்கவில்லை என்றால், அமைப்பில் ஆண்ட்ராய்டு எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கோயில் அகப்பக்கம் வேறு கதை. எல்லார் போனிலும், எல்லா இணைப்பிலும் வருகிறது என்றால் பார்ப்பவர்கள் செய்ய ஒன்றுமில்லை, பக்கத்தை நடத்துபவர்தான் திருத்த வேண்டும். ‘எக்ஸ்பயர்ஸ் ஆன்’ தேதி கடந்துபோயிருந்தால் புதுப்பிப்பு நின்றுவிட்டது. முன்பெல்லாம் லெட்ஸ் என்கிரிப்ட் மின்னஞ்சலில் நினைவூட்டும்; 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள், அதை நம்பியிருந்த சிறிய பக்கங்கள் பல இப்படி மாட்டிக்கொள்கின்றன. நடத்துபவரிடம் மூன்று விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போர்ட் 80 அடைபட்டிருந்தால் வழக்கமான சரிபார்ப்பு நடக்காது, புதுப்பிப்பும் நடக்காது. புதிய சான்றிதழ் சர்வரில் வந்து உட்கார்ந்திருந்தும் என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற சர்வர் மென்பொருளை ரீலோட் செய்யாததால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம். இது மிகவும் சகஜம். மூன்று டபிள்யூவோடு ஒரு பெயர், இல்லாமல் ஒரு பெயர் என்று இரண்டுக்கும் சேர்த்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் வாங்கினால் மற்றதில் ‘காமன் நேம்’ பிழை வரும். கணினியில் திறந்து கைப்பேசியில் மட்டும் நின்றால் இடைச் சான்றிதழை சர்வர் அனுப்பவில்லை. ‘ஃபுல்செயின்’ கோப்பைப் போட்டால் தீர்ந்துவிடும். எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனைப் பக்கத்தில் கோயில் முகவரியைக் கொடுத்தால் இவற்றில் பலவற்றை அதுவே எழுதிக் காட்டும். ஆள் வைத்துப் புதுப்பிக்கும் ஏற்பாடு இனி தாங்காது என்பதையும் சொல்லுங்கள்: புதிய சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15இலிருந்து 200 நாள், 2027 மார்ச் 15இலிருந்து 100 நாள், 2029 மார்ச் 15இலிருந்து 47 நாள் என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து முடிவு செய்துவிட்டன. ஆயுள் குறையக் குறைய, உங்கள் கடைக் கடிகாரம் போலச் சில நாள் பின்தங்குவதும் இன்னும் அதிகப் பக்கங்களில் தெரியவரும்.

எச்சரிக்கை இல்லாமல் பக்கம் திறந்தாலும் முகவரியைப் படிக்காமல் எதையும் தட்டாதீர்கள். மோசடிக்காரர்களும் தங்கள் சொந்தப் பெயருக்கு நல்ல சான்றிதழ் வாங்கலாம், அதில் குற்றம் சொல்ல உலாவிக்கு எதுவும் இல்லை. உங்கள் குரோம் 109 பூட்டுச் சின்னத்தைக் காட்டும். 2023இல் குரோமே அதை எடுத்துவிட்டது, பூட்டைப் பார்த்து மக்கள் நல்லவர் என்று நம்பிவிடுகிறார்கள் என்பதால். சேமநிதி என்றால் முகவரி கேடபிள்யூஎஸ்பி டாட் ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடிய வேண்டும், வருமான வரி ஹசில் டாட் ஜிஓவி டாட் எம்ஒய், சொக்சோ பெர்கேசோ டாட் ஜிஓவி டாட் எம்ஒய். எச்டிடிபிஎஸ்ஸை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசிப் பகுதிதான் கணக்கு. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு வழியாகப் போகாமல், இந்த மூன்றையும் கணினியில் புக்மார்க் செய்து வையுங்கள்.

ஏற்கெனவே எச்சரிக்கையைத் தாண்டிப்போய் யாருடைய கடவுச்சொல்லையாவது தட்டியிருந்தால் காரணம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரைக் கூப்பிட்டு, வேறொரு கருவியில், டேட்டாவில், கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு என்றால் வங்கியின் எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இணைய மோசடிக்கான 997 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பின்பு கடிகாரம் மட்டும்தான் காரணம் என்று தெரிந்தால் நல்லது, மாற்றிய கடவுச்சொல்லால் நஷ்டம் ஒன்றுமில்லை.

தேதியைத் திருத்தியும் எச்சரிக்கை போகவில்லை என்றால், குறியீட்டு வரியையும் அந்த நான்கு வரிகளையும், ஹாட்ஸ்பாட் சோதனையில் என்ன நடந்தது என்பதையும் இங்கே எழுதுங்கள். படமாகப் போடுவதானால் மைகாட் (அடையாள அட்டை) எண், பயனர் பெயர் எதுவும் திரையில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.